முதல் இரண்டு நிமிடம்

சித்தூர், திருப்பதி பக்கம் குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்களுக்குக் காட்சிப் பஞ்சம் கிடையாது. சந்திரகிரிக் கோட்டை, தலக்கோணா அருவி, பின்னால் சேஷாசலம். சிக்கலே அதுதான். மலையைக் காட்டிவிட்டால் படம் தொடங்கிவிட்டதாக நினைப்பு வந்துவிடுகிறது.

மணிரத்னம் படத்தைப் பார்த்தால் பிரமிப்பு வரும். அவருடைய கிரேன் வராது. கையில் காசில்லாத மற்ற மாணவர்கள் எப்படித் தொடங்கினார்கள் என்று பார்ப்பதே உபயோகம். போலந்தில் மாணவராக இருந்தபோது ரோமன் போலன்ஸ்கி 1958இல் எடுத்த குறும்படத்தில், கடலுக்குள்ளிருந்து இரண்டு பேர் ஓர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறுகிறார்கள். வசனமே இல்லை. யார் இவர்கள், அதை எங்கே கொண்டுபோகிறார்கள்? பார்ப்பவர் மாட்டிக்கொண்டார். செலவு, ஓர் அலமாரி.

புனே திரைப்படக் கல்லூரி மாணவர் சிதானந்த நாயக்கின் படத்தில் கிழவி ஒருத்தி சேவலைத் திருடிவிட, ஊருக்குப் பொழுதே விடிவதில்லை. கர்நாடக நாட்டுப்புறக் கதை. படப்பிடிப்பு நான்கே நாள். 2024 கான் விழாவின் மாணவர் பிரிவில் முதல் பரிசு. அந்த ஆண்டு அங்கே குவிந்தவை 2,263 படங்கள், தேர்வானவை 18. இத்தனை கூட்டத்தில், தடுமாறும் தொடக்கத்துக்கு யார் காத்திருப்பார்கள்?

சுமாரான படங்களையும் விடக்கூடாது. அலாரம் அடிக்கிறது, நாயகன் எழுகிறான், பல் துலக்குகிறான். இப்படி ஐந்து படம் பார்த்தால் உங்கள் கதையிலிருக்கும் அலாரம் தானாக நின்றுவிடும். பிறகு பேனாவோடு திருப்பதி பஸ் நிலையத்தில் உட்காரலாம். மொட்டையடித்துக்கொண்டு மலையிறங்கிய ஒருவன் கடையில் சீப்பு வாங்குகிறான். யாருக்கு?