தண்ணீர் ஏறும் வழி – 14: மேட்டில் காற்று, பள்ளத்தில் ஓடை

கொடைக்கானல் மலையில், வட்டக்கானலில் நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் விடிந்ததும் செய்கிற முதல் வேலை, பின்பக்கம் போய் ஓஸைத் தொட்டுப் பார்ப்பது. மேலே சோலைக்குள் ஓடும் ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் ஒன்று வேர்களைத் தாண்டி, பாறையைச் சுற்றி, இரண்டு மரங்களில் கயிற்றால் கட்டப்பட்டு, தொட்டிவரை வருகிறது. மோட்டார் கிடையாது; சரிவுதான் மோட்டார். தொட்டால் சில்லென்று கனமாக இருந்தால் தண்ணீர் வருகிறது. லேசாக இருந்தால் காற்று அடைத்திருக்கிறது, அல்லது ஓடையே இளைத்துவிட்டது. மார்ச் மாதம் அது. ஓஸ் லேசாகத்தான் இருந்தது.

“கீழ பள்ளத்துல தண்ணி கெடக்கு சார். மேல கொண்டாரத்தான் வழியில்ல. நம்மளது விவசாயக் கனெக்‌ஷன் இல்ல, மோட்டார் போட்டா பில்லு எகிறிரும். காத்து இம்புட்டு அடிக்குதே, ஒரு காத்தாடிய நட்டுத் தண்ணி ஏத்த முடியாதா?”

முந்தின இரவு தகரக் கூரை அதிர்ந்த அதிர்வில் நான் சரியாகத் தூங்கவில்லை. அதனால் கேள்வி நியாயமாகவே பட்டது. “முடியும்ண்ணே, ஆனா...” என்று இழுத்தேன். அந்த ‘ஆனா’தான் இந்த வாரக் கட்டுரை.

காற்றாடி சுற்றும். பம்பு ஏறி இறங்கும். சுற்றுவதை ஏறி இறங்குவதாக மாற்ற வேண்டும். இது கேட்க எளிது. பார்க்க அதைவிட எளிது. வீட்டில் பழைய தையல் மிஷின் இருந்தால் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள். காலடியில் இருக்கும் பலகை மேலும் கீழும் ஆடுகிறது. அதில் மாட்டிய கம்பி, பெரிய சக்கரத்தின் நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் பிடித்திருக்கிறது. அப்படித் தள்ளி இருப்பதுதான் சூட்சுமம். பட்டறைக்காரர்கள் அதைக் கிராங்க் என்பார்கள். ஆட்டம் அங்கே சுழற்சியாகிறது. பெல்ட் அந்தச் சுழற்சியை மேலே கொண்டுபோக, அங்கே இன்னொரு கிராங்க் அதை மறுபடி ஏற்ற இறக்கமாக்கி ஊசிக்குக் கொடுக்கிறது. ஒரே மிஷினில் போக்கும் உண்டு, வரவும் உண்டு. தண்ணீர் இறைக்கும் காற்றாடி என்பது தையல் மிஷினின் மேல் பாதி. ஊசி இருக்கும் இடத்தில் நீளமான இரும்புக் கம்பி. துணி இருக்கும் இடத்தில் கிணறு.

நம் ஊர்க் கிணறுகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஏற்றத்தில் ஆள் முன்னும் பின்னும் நடந்தான். கமலையில் மாடு சரிவில் இறங்கித் திரும்பி வந்தது. இழுப்பவனும் போய்த் திரும்புகிறான், சாலும் போய்த் திரும்புகிறது. சுழற்சி என்பதைச் செக்குக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம். காற்றைக் கிணற்றில் பூட்ட நினைத்த நாளில்தான் செக்கையும் கமலையையும் ஒன்றோடொன்று இணைக்க வேண்டி வந்தது.

இணைத்துவிட்டால் முதல் வம்பு கம்பியில் தொடங்குகிறது. கோபுர உச்சியில் இருக்கும் கிராங்கிலிருந்து கிணற்றுக்குள் இருக்கும் பிஸ்டன்வரை கம்பி நீள்கிறது. மேலே இழுக்கும்போது விறைப்பாக நிற்கும். கீழே தள்ளினால் ஈர்க்குச்சி மாதிரி வளையும். ஆகவே கம்பியைத் தள்ளவே கூடாது. தன் கனத்தில் தானாக இறங்க விட வேண்டும். ஊர் அடிபம்பு, அந்த ‘இந்தியா மார்க் 2’, இதே முறைதான். கைப்பிடிக்குள் ஒரு சங்கிலி இருக்கிறது. சங்கிலி இழுக்கும், தள்ளாது. காற்றாடியில் சிக்கல் என்னவென்றால், காற்று வலுத்துச் சக்கரம் வேகமெடுத்தால் கம்பி இறங்கி முடிப்பதற்குள் கிராங்க் கீழே வந்துவிடும். அப்போது கம்பி அடிபடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி. சில இரவுகள் போதும், எங்காவது ஒரு போல்ட் அறுந்துவிடும்.

இதற்கு அமெரிக்கர்கள் வழி கண்டார்கள். 1854-ல் டேனியல் ஹாலடே, காற்றுக்குத் தக்கபடி தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காற்றாடிக்குக் காப்புரிமை பெற்றார். தாமஸ் பெர்ரி என்ற பொறியாளர் 1880களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்து, வளைந்த எஃகு இறக்கைகளை வடிவமைத்தார். 1888-ல் சிகாகோவில் தொடங்கிய ‘ஏர்மோட்டார்’ நிறுவனம் அதை விற்றது. அதன் தலைப்பெட்டிக்குள் பல்சக்கரங்கள் இருந்தன. சக்கரம் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றினால்தான் பம்பு ஒரு முறை ஏறி இறங்கும். வேகம் குறைந்தது, இழுக்கும் பலம் கூடியது. நம் அரசு மானியப் பட்டியலிலும் ‘கியர் வகை’, ‘நேரடி வகை’ என்று இரண்டைப் பிரித்துத்தான் போட்டிருந்தார்கள். அவற்றோடு மூன்றாவதாக ஆரோவில்லின் ஏவி-55.

இரண்டாவது வம்பு எனக்கு இதைவிடப் பிடித்தது. அடிபம்பில் முதல் அடி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர்க் கனம் முழுக்க மேலே தூக்கும்போதுதான். இறக்கும்போது சுமையே இல்லை. மேலே தூக்குவதிலும் பாதி வழியில்தான் சக்கரத்துக்குக் கனம் உச்சம். கணக்குப் போட்டால், அந்த உச்சக் கனம் சராசரியைப்போல் சரியாகப் பை மடங்கு, அதாவது மூன்றே சொச்சம். ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்கு இது ஒன்றுமில்லை. தன் வேகத்தால் தாண்டிவிடும். நின்றிருக்கும் சக்கரமோ அந்த உச்சத்தில் மாட்டிக்கொண்டு, காற்று வலுக்கும்வரை முனகிக்கொண்டு நிற்கும். ஓடுவதற்குப் போதுமான காற்று, புறப்படுவதற்குப் போதாது.

இறக்கைகளைப் பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று அடுக்குவது இதனால்தான். மின்சாரக் காற்றாலைக்கு மூன்று இறக்கை போதும், அதற்கு வேகம் வேண்டும். பம்புக் காற்றாடிக்கு வேண்டியது பிடிவாதம். இன்னொரு தந்திரமும் உண்டு: பிஸ்டனில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடுவது. சக்கரம் மெதுவாக நகரும்போது தண்ணீர் அந்த ஓட்டை வழியே வழிந்துவிடும், சுமை இருக்காது. வேகம் பிடித்தபின் வழிய நேரமிராது. ஓட்டைப் பானையால் ஆன உபகாரம்.

இந்த வம்புகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு வேறு பாதையில் போன ஒருவர் இந்தப் பக்கமே வந்திருந்தார். 1973-ல், கொடைக்கானலும் திண்டுக்கல்லும் மதுரை மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், அம்மாவட்டத்தின் வறண்ட குன்றுப் பகுதியில் ஒரு சிறு பண்ணையில் அமெரிக்காவின் நியூ ஆல்கெமி இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த மார்கஸ் ஷெர்மன் ஒரு காற்றாடி கட்டினார். அதன் நடுவில் இருந்தது மாட்டுவண்டிச் சக்கரம். அதில் மூங்கில்களைக் கட்டி, மூங்கிலுக்கு இடையில் முக்கோணத் துணிப் பாய்களை இழுத்து மாட்டினார். விட்டம் எட்டு மீட்டர். கிரேக்கத் தீவான கிரீட்டில் வழங்கிய பாய்க் காற்றாடியின் தமிழ்நாட்டு அவதாரம். கிராங்க், கம்பி என்று போகாமல், சுழற்சியைச் சுழற்சியாகவே சங்கிலி வழியே தரைக்கு இறக்கினார். தச்சரும் கொல்லரும் இருக்கும் ஊரில் செய்துகொள்ளலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. பாய் கிழிந்தால் தையல்காரரிடம் போகலாம்; இறக்கை உடைந்தால் மூங்கில் வெட்டலாம். வண்டிச் சக்கரம் உருளாமல் ஆகாயத்தில் சுற்றுவதை முதலில் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அரசும் சும்மா இருக்கவில்லை. பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 1960களிலேயே பம்புக் காற்றாடி ஒன்றை வடிவமைத்துக் கொடுத்தது. 1980களில் ‘12 பியு 500’ என்ற மாடல் மானியத்தோடு நாடெங்கும் ஆயிரக்கணக்கில் நடப்பட்டது. பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது: பன்னிரண்டு இறக்கை, 500 சென்டிமீட்டர் விட்டம். ஆரோவில்லில் சொந்தப் பட்டறை, சொந்த ஆட்கள் இருந்ததால் காற்றாடிகள் நிலைத்தன. மற்ற ஊர்களில் நட்டவர் போனபின் தோல் வாஷர் மாற்றக்கூட ஆளில்லை. கோபுரத்தில் ஏறி ஆயில் விட வேண்டியவர் யார் என்பதை எந்தத் திட்டமும் சொல்லவில்லை. இதெல்லாம் போதாதென்று 1990-ல் தமிழக விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் வரும்போது காற்றை யார் எதிர்பார்ப்பார்? இன்று மலைக்கு வடக்கே, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கும் தாராபுரம், உடுமலைப் பக்கம் நிற்கும் பெரிய காற்றாலைகளும் ஒரு விதத்தில் தண்ணீர்தான் இறைக்கின்றன. கம்பிக்குப் பதில் மின்கம்பி. கிணறு எங்கோ இருக்கிறது.

சரி, வட்டக்கானலுக்கு வருவோம். வீட்டுக்காரரும் நானும் ஒரு பழைய காலண்டரின் முதுகில் கணக்குப் போட்டோம். மூன்று மீட்டர் விட்டமுள்ள சக்கரம். மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் காற்று, அதாவது நொடிக்கு 4 மீட்டர். சமவெளியில் அந்த வட்டத்துக்குள் பாயும் காற்றில் சுமார் 275 வாட் இருக்கும். இங்கே கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். காற்று மெலிந்தது, ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிட வேண்டும். இறக்கை, கிராங்க், பம்பு எல்லோரும் தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டபின் தண்ணீருக்கு நூற்றில் பதினைந்து வந்தால் அதிகம். முப்பது மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் மணிக்குச் சுமார் 400 லிட்டர்.

“அது போதுமே சார்!” என்றார்.

காற்று பாதியானால் தண்ணீரும் பாதியாகாதா என்று அடுத்துக் கேட்டார். ஆகாது. காற்றின் வேகம் பாதியானால் அதன் பலம் எட்டில் ஒன்றாகும். 400 லிட்டர் என்பது 50 ஆகிவிடும், அதுவும் சக்கரம் புறப்பட மனம் வைத்தால். இங்கே காற்று மொத்தமாக வலுப்பது ஆடியை ஒட்டிய மாதங்களில். ஓடை மெலிவதோ மாசி, பங்குனியில். முந்தின இரவு கூரையை அதிரவைத்தது நின்று வீசும் காற்றும் அல்ல. பெரியகுளம் பக்கத்திலிருந்து செங்குத்தாக ஏறி, விளிம்பில் சுருண்டு, மரங்களில் மோதி அடிக்கும் குதிப்புக் காற்று. பம்புக்கு அது பகை. அப்படிப்பட்ட அடியில் சக்கரம் பக்கவாட்டில் மடங்கி ஒதுங்குவதற்காகவே வாலில் கீல் வைக்கிறார்கள். அந்தக் கீல் துருப்பிடித்தால் சக்கரமே போய்விடும்.

உயரம் இன்னொரு இடத்திலும் கை வைக்கிறது. பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் சொல்வது பேச்சுக்குத்தான். கிணற்றை அழுத்தும் வெளிக்காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. கடலோரத்தில் கணக்குப்படி பத்து மீட்டர்வரை அது தள்ளும். வட்டக்கானலில் எட்டு மீட்டர்தான், நடைமுறையில் ஐந்து கிடைத்தால் நல்லது. ஆகவே பம்பு தண்ணீருக்குள்ளேயே உட்கார வேண்டும், ஓடையில். காற்றாடியோ ஓடையில் நிற்க முடியாது. அங்கே காற்றே இல்லை, மூடுபனியும் பாசியும்தான். அது மேட்டில் நிற்க வேண்டும். கம்பி கோபுரத்துக்கு நேர் கீழே இறங்கும். பள்ளமோ பக்கவாட்டில் நூறடி தள்ளி இருக்கிறது.

சமவெளியின் கிணற்றுக்குத் தெரியாத பிரச்சினை இது. அங்கே காற்றுக்கு நேர் கீழே தண்ணீர். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு சரிவு.

சரிவில் ஏற்ற இறக்கத்தைக் கடத்திக்கொண்டு போகவே முடியாதா என்றால், போனவர்கள் இருக்கிறார்கள். பிரான்சின் பதினான்காம் லூயி தன் தோட்ட நீரூற்றுகளுக்காக சேன் ஆற்றங்கரையில் மார்லி என்ற இடத்தில் ஒரு இயந்திரம் கட்டவைத்தான். 1684-ல் ஓடத் தொடங்கியது. ரெனெக்கன் சுவாலெம் என்ற தச்சரின் வேலை. ஆற்றில் பதினான்கு ராட்சத நீர்ச்சக்கரங்கள். அவற்றின் கிராங்குகளிலிருந்து புறப்பட்ட நீண்ட தண்டுகள் குன்றின் சரிவு நெடுக முன்னும் பின்னும் ஆடியபடி ஏறி, வழியில் இருந்த பம்புகளை இயக்கின. தண்ணீர் படிப்படியாகச் சுமார் 160 மீட்டர் ஏறியது. ஒவ்வொரு மூட்டிலும் உராய்வு, ஒவ்வொரு மூட்டிலும் கிறீச்சு; சுற்று வட்டாரமே அந்தச் சத்தத்தைச் சபித்தது. ராஜாவுக்கு ஆள் பலம் இருந்தது, ஆட்களை வைத்துப் பார்த்துக்கொண்டான். வட்டக்கானலில் வீட்டுக்கு ஒருவர் இருந்தாலே பெரிது.

தண்டுக்குப் பதில் குழாயில் காற்றையே அனுப்பலாம். மேட்டில் காற்றாடி ஒரு கம்ப்ரஸரை ஓட்டும். அழுத்தப்பட்ட காற்று மெல்லிய ஓஸ் வழியே பள்ளத்துக்குப் போய் தண்ணீரை மேலே தள்ளும். ஓஸ் எப்படி வேண்டுமானாலும் வளையும், அதனால் சரிவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அழுத்தும்போது சூடாகிப் பாதி பலம் வீணாகும். 400 லிட்டர் என்று காலண்டரில் எழுதியதை அடித்து 200 என்று எழுதினேன்.

அவர் அதை ஒரு நிமிடம் பார்த்தார். “காத்து வேணாம் சார். அந்தப் பள்ளத்து ஓடை சும்மாதான விழுந்துட்டுக் கெடக்கு? அது விழுற விழுக்காட்டையே புடிச்சு, அதுல கொஞ்சத்த மேல தள்ள முடியாதா?”

நான் பேனாவை மூடினேன். இங்கிலாந்தின் ஜான் வைட்ஹர்ஸ்ட் 1772-ல் தன்னைக் கேட்டுக்கொண்டதும், பலூன் விட்ட மான்கோல்பியே 1796-ல் தானாக ஓடவைத்ததும் இதே கேள்விதான். அதில் சக்கரமும் இல்லை, கிராங்கும் இல்லை. இரண்டு வால்வு, ஒரு காற்றுப் பாத்திரம், நாள் முழுக்க ‘தட்... தட்...’ என்று ஒரு சத்தம்.

“முடியும்ண்ணே” என்றேன். இந்தத் தடவை ‘ஆனா’ போடவில்லை. இருவரும் டார்ச் எடுத்துக்கொண்டு, விழுக்காடு எத்தனை அடி என்று அளக்கப் பள்ளத்தில் இறங்கினோம்.

(தொடரும்)