ஆபரேஷனுக்கு முன்னாடி கிரியேட்டினின் பார்த்தாச்சா? கிட்னியைக் காப்பாற்ற தெரிஞ்சுக்க வேண்டியவை!

ஆட்டையாம்பட்டி என்றாலே கைமுறுக்கும் விசைத்தறியும்தான் நினைவுக்கு வரும். மணிக்கணக்கில் உட்கார்ந்து முறுக்கு சுத்தினாலும், நின்னுக்கிட்டே தறி ஓட்டினாலும் இடுப்பு வலி, முட்டி வலி வரத்தான் செய்யும். வலிச்சா மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுவது பலருக்கும் பழக்கம். ஆனால், ஆபரேஷனுக்காக சேலம் போகும்போது இந்த மாத்திரை பற்றி டாக்டரிடம் சொல்ல மறந்துடுறோம். அது கிட்னியைப் பாதிக்கலாம்.

வயித்துல ஆபரேஷன், கிட்னிக்கு என்ன ஆகும்?

ரத்தத்தைச் சுத்தம் செய்ய கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையாமல் இருக்கணும். ஆபரேஷனில் ரத்தம் இழந்தாலோ, பிபி ரொம்ப இறங்கினாலோ, உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலோ, கிருமித் தொற்று பரவினாலோ அந்த ஓட்டம் பாதிக்கும். சில மணி நேரத்திலேயே கிட்னி திணற ஆரம்பிக்கலாம். இதைத்தான் 'திடீர் சிறுநீரக பாதிப்பு' என்கிறார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

சுகர், பிபி, இதய நோய் உள்ளவர்கள், வயதானவர்கள், ஏற்கனவே கிட்னி பிரச்னை இருப்பவர்கள், அவசர ஆபரேஷன் செய்துகொள்பவர்கள்.

'நார்மல்'னு வந்தாலும் கவனம்!

ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு 48 மணி நேரத்தில் 0.3 மில்லிகிராம் கூடினாலே அது பாதிப்புதான். உதாரணமாக, ஆபரேஷனுக்கு முன் 0.7 இருந்தது மறுநாள் 1.1 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் 1.1 நார்மல் என்றே இருக்கலாம். பழைய அளவு தெரிந்தால்தான் ஏறியிருப்பது புரியும். அதனால் பழைய ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து செல்போனில் வச்சுக்கோங்க. அவசர நேரத்தில் பெரிய உதவியாக இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

* சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் காட்டுங்க. வலி மாத்திரை, நாட்டு மருந்து எதையும் மறைக்காதீங்க.

* டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கிட்னிக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். சில வகை பிபி மாத்திரை, நீர் பிரிய கொடுக்கும் மாத்திரை ஆகியவற்றோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

* பிபி, சுகர் மாத்திரைகளில் சிலவற்றை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும். நீங்களா நிறுத்திடாதீங்க.

* முந்தின நாள் ராத்திரியில் இருந்தே பலர் தண்ணீர்கூட குடிப்பதில்லை. பொதுவாக ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்பு வரை வெறும் தண்ணீர் குடிக்க அனுமதி உண்டு. உங்களுக்கு எத்தனை மணி வரை என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்க.

குளுக்கோஸ் எவ்வளவு ஏத்தணும்?

பெரிய வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 3,000 பேரிடம் நடந்த ஆய்வு 2018ல் வெளியானது. நரம்பு வழியாக திரவத்தைக் குறைத்துக் கொடுத்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும், தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் கிட்னி பாதிப்பு வந்தது. அதுக்காக அளவில்லாமல் ஏத்தவும் கூடாது. நுரையீரலில் நீர் சேரும். அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

கூட இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

சிறுநீர்! 60 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லி என்ற அளவுக்குக் கீழே 6 மணி நேரம் தொடர்ந்தால் எச்சரிக்கை. பை காலியாகவே இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்க. மூச்சு வாங்குவது, கால் வீக்கம், குழப்பமான பேச்சு இருந்தாலும் தாமதம் வேண்டாம்.

பாதிப்பு வந்தால் டயாலிசிஸ்தானா?

எல்லோருக்கும் தேவைப்படாது. பிபியைச் சரிசெய்வது, தொற்றுக்குச் சிகிச்சை, கிட்னியைப் பாதிக்கும் மருந்துகளை நிறுத்துவது என காரணத்தைச் சரிசெய்தாலே பலர் தேறிவிடுவார்கள். பொட்டாசியம் அபாய அளவுக்கு ஏறுவது, நுரையீரலில் நீர் சேர்ந்து மருந்துக்குக் குறையாமல் இருப்பது போன்ற நிலைகளில்தான் டயாலிசிஸ். அதுவும் பலருக்கு சில நாட்கள்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு?

தையல் வலிக்குதுன்னு மெடிக்கலில் நீங்களா மாத்திரை வாங்காதீங்க. பாதிப்பு வந்தவர்கள் 3 மாதத்தில் மறுபடியும் கிரியேட்டினின், சிறுநீர் டெஸ்ட் எடுக்கணும். சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.