கடுவன் எழுதும் கடிதம்

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் ஒரு கிராமம். அங்கே ஓர் ஓட்டு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூடத்தில் நெல் மூட்டைகள். எலிகளை விரட்ட ஒரு கடுவன் பூனை. குட்டியாக இருந்தவரை அதனால் தொல்லை இல்லை. எட்டு மாதம் ஆனதும் ஒரு நாள் அது நெல் மூட்டைக்கு முதுகைக் காட்டி நின்றது. வாலை நிமிர்த்தியது. வால் நுனி துடிக்க, பின்புறமாகச் சிறுநீரைப் பீச்சியது. வீடெல்லாம் ஒரே நெடி! அம்மா விளக்குமாற்றை எடுத்தார். பாட்டி பினாயில் புட்டியைத் தேடினார்.

இரண்டுமே பயன் தராது. அதிலும் பினாயில் பூனையின் உயிருக்கே ஆபத்து. ஏன் என்று பார்ப்போமா?

கழிப்பது வேறு, பீச்சுவது வேறு

சிறுநீர் கழிக்கும் பூனை குந்தி உட்காரும். மண்ணைத் தோண்டி மூடும். பீச்சும் பூனையோ நின்றபடி, சுவர், கதவு, மூட்டை போன்ற நிமிர்ந்த பரப்பில் சிறிதளவே தெளிக்கும். மற்றப் பூனைகளின் மூக்கு எட்டும் உயரத்தில் ஒட்டப்படும் அறிவிப்பு அது. "இங்கே ஒரு கடுவன் வாழ்கிறது" என்பதே செய்தி. பெண் பூனைக்கு அது அழைப்பு. வேறு கடுவனுக்கு எச்சரிக்கை. இதில் குறும்பும் இல்லை, பழிவாங்கலும் இல்லை.

நெடி எங்கிருந்து வருகிறது?

பூனையின் சிறுநீரில் ஃபெலினைன் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலம் உண்டு. இது 1953-இல் கண்டறியப்பட்டது. பூனையின் சிறுநீரகம் காக்சின் என்ற புரதத்தைச் சுரந்து சிறுநீரில் கலக்கிறது. அப்புரதமே ஃபெலினைன் உருவாக உதவுகிறது என்று 2006-இல் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினார்கள். ஃபெலினைனுக்குத் தனியே மணமில்லை. அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தகச் சேர்மங்களாக மாறும்போதுதான் நெடி கிளம்புகிறது. பீச்சிய பிறகு நேரம் ஆக ஆக நாற்றம் கூடுவது இதனால்தான். டெஸ்டோஸ்டீரோன் என்னும் ஆண் இயக்குநீர் மிகுந்த கடுவனிடம் ஃபெலினைன் அதிகம். விதை நீக்கிய பூனையிடமும் பெண் பூனையிடமும் குறைவு.

புலியும் இப்படித்தான்

மதுராந்தகத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. பூனையின் பெரிய உறவினரான புலியை அங்கே காணலாம். புலியும் மரத்துக்கு முதுகைக் காட்டி நின்று பீச்சும் வழக்கமுடையது. கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். எல். பிரம்மச்சாரி இதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஒடிசாவில் வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வளர்த்த கைரி என்ற பெண் புலியும் அவருடைய ஆய்வுக்கு உதவியது. ஆம், பெண் புலியும் பீச்சும்! புலி பீச்சும் நீரில் பாசுமதி அரிசிக்கு நறுமணம் தரும் அதே பொருள் இருப்பதை அவரும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்டார்கள். 2-அசெட்டைல்-1-பைரோலின் என்பது அதன் பெயர். சோற்றுப் பானையில் மணக்கும் பொருள் காட்டில் எல்லைக்கல் ஆகிறது!

என்ன செய்யலாம்?

இயக்குநீர் தூண்டும் செயலை அடித்து நிறுத்த முடியாது. அடிபட்ட பூனை அஞ்சும். அச்சத்தால் மேலும் பீச்சலாம். சரியான வழி விதை நீக்கம். காளைக்கன்றுக்குக் காயடிப்பது போன்றதே இது. ஆனால் வீட்டில் செய்யக் கூடாது; கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டும். அறுவைக்குப் பின் பத்துக் கடுவன்களில் ஏறக்குறைய ஒன்பது இப்பழக்கத்தை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். சிலவற்றுக்குச் சில வாரங்கள் பிடிக்கும். ஐந்தாறு மாத வயதில், பழக்கம் படியும் முன்பே செய்வது நல்லது.

பீச்சிய இடத்தை நொதி சேர்ந்த சலவைத்தூள் கரைத்த நீரால் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். மணம் மிஞ்சினால் பூனை அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

பினாயில் ஏன் ஆகாது? பல வகைப் பினாயில்களில் ஃபீனால் இனச் சேர்மங்கள் உள்ளன. அவற்றை நம் கல்லீரல் ஒரு நொதியின் துணையால் மாற்றி வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்து, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் குளோரமின் வாயுவை அது உண்டாக்கும்.

இதை மறக்காதீர்கள்

கடுவன் அடிக்கடி குந்தி உட்கார்ந்து முக்குகிறதா? கத்துகிறதா? ஒரு சொட்டும் வரவில்லையா? அது பீச்சல் அல்ல; சிறுநீர்க் குழாயில் அடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம். அன்றைக்கே, அந்த நேரமே, மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

நெல் மூட்டை வீட்டு அம்மா விளக்குமாற்றைக் கீழே வைக்கட்டும். பூனை எப்படி நிற்கிறது, எங்கே பீச்சுகிறது, வெளியே வேறு கடுவன் வந்ததா என்று நீங்கள் ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.