இரவல் பால்

தாய்ப்பாலைச் சரக்காக்கி விற்பது சட்டவிரோதம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதத்தில் எச்சரித்ததும், சென்னை மாதவரத்தில் அதைப் புட்டியில் அடைத்து விற்றதாகக் கடையொன்றுக்குச் சீல் வைக்கப்பட்டதும் பத்திரிகைகளில் வந்த பின், "விற்பதுதானே குற்றம்? பால் சுரக்காத பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு நான் பீய்ச்சிக் கொடுத்தால் என்ன தோஷம்?" என்று வாசகி ஒருவர் கேட்கிறார். பாலைத் திரவத் தங்கம் என்று ஸ்தோத்திரம் செய்கிறவர்களும், அந்நியப் பாலை விஷம் என்று அலறுகிறவர்களும் கவனிக்காத விசித்திரம் ஒன்று இதில் உண்டு.

தாயின் குடலுக்குள் புகும் கிருமியைக் குடற்சுவரின் நிணநீர்த் திட்டுகள் பரிசீலித்து, அதற்கேற்ற பி அணுக்களைப் பழக்க, அவை ரத்தத்தில் ஏறி, ஹார்மோன்களின் ஏவலால் ஸ்தனங்களில் குடியேறி, இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது பாலோடு சிசுவின் குடலை அடைந்து, அழற்சியை மூட்டாமலே, கிருமி குடற்சுவரில் ஒட்ட முடியாதபடி அதைப் போர்த்திவிடுகிறது. அதாவது, அத்தாய் புழங்கும் தெருவின் கேடிப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் ஏட்டு அந்தப் பாலில் இருக்கிறார். மயிலாப்பூர் ஏட்டு தம் பேட்டை முடிச்சவிழ்க்கிகளைப் பின்னந்தலையைக் கண்டே பிடிப்பார். அவரையே மதுரைக்கு மாற்றினால், உடுப்பும் தடியும் மீசையும் குறையாவிட்டாலும், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கைவரிசை காட்டுகிறவன் அவர் தோளிலேயே சாய்ந்து பொரி கொறிப்பான். தூர தேசத்துப் பால் மாற்றலாகி வந்த ஏட்டு. அண்டை வீட்டுப் பாலோ அதே ஸ்டேஷன்.

ஆயினும், அண்டை வீட்டுப் பச்சைப் பாலே உத்தமம் என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. ஏட்டு வரும் வழியிலேயே எச்.ஐ.வி. போன்ற வைரஸும் வரும். தானமாக வந்த தாய்ப்பாலைச் சேமித்துக் கொடுக்கும் பால் வங்கிகளில் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் வைக்கும் சூடு அதை ஒழிக்கிறது; ஏட்டையும் ஓரளவு பலவீனப்படுத்தி, கொழுப்பைச் செரிக்க உதவும் பாலின் நொதியை அடியோடு முடக்குகிறது.



2013-இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவில் இணையம் வழியே வாங்கிய 101 தாய்ப்பால் மாதிரிகளைச் சோதித்தபோது 74 சதவீதத்தில் கிருமி மிகுந்திருந்தது என்பதைப் பலரும் காட்டுவார்கள். முகமறியாதவரிடம் காசுக்கு வாங்கி, தபாலில் பிரயாணம் செய்த பாலுக்கு அது சாட்சி. சுத்தமான கையோடு அப்போதே பீய்ச்சிக் கொடுத்த பாலுக்கு அன்று.

ஆகவே, அம்மணி, பக்கத்து வீட்டுக் குழந்தை குறைமாதத்தில் பிறந்ததானால் உங்கள் பச்சைப் பால் வேண்டாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்தில் உள்ள வங்கியைக் கேட்கச் சொல்லுங்கள். நிறைமாதக் குழந்தையானாலும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பெயரையும் அவர்களுடைய டாக்டரிடம் காட்டிய பிறகே கொடுங்கள்.