காசு கிடைத்தால் முதலில் கலெக்டருக்கு எழுதுங்கள்

வானம் தோண்டும்போது சொம்போ கலயமோ தட்டுப்பட்டு உள்ளே பொன் காசு இருந்தால், நாலு பேரும் பங்கு போட்டு, மறுநாளே நகைப் பட்டறையில் உருக்கிவிடுகிறார்கள். தேனி, கம்பம் பக்கம் இந்தப் போக்கு மாறவே இல்லை. உருக்கினால் தங்க விலை மட்டும் கிடைக்கும்; வழக்கும் கூடவே வரும்.

மேற்குக் கரையில் புழங்கிய வீரராயன் பணம் அரை கிராம்கூடத் தேறாது. இத்தனூண்டை யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் தகவல் தர வேண்டும். ஒற்றைப் பணமே அந்த வரம்பைத் தாண்டும். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் காசு உங்களுடையது ஆகாது.

மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். என்ன கிடைத்தது, எத்தனை, தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என எல்லாம் அதில் இருக்கட்டும். கிராமத்தையும் சர்வே எண்ணையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தாலும் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். காசை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதாக ஆட்சியரிடம் பிணை கொடுக்க வேண்டும். கம்பம், கூடலூர், சின்னமனூர்க்காரர்கள் உத்தமபாளையம் சார்நிலைக் கருவூலத்தில் விசாரிக்கலாம். "கொடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று கை நீட்டும் ஊழியரிடம் ரசீது இல்லாமல் ஒரு காசைக்கூடக் கொடுக்காதீர்கள். மனுவை மேசைக்கு மேசை தள்ளிவிடும் அலுவலர்களுக்கு, பயந்துபோய் வந்திருக்கும் கூலிக்காரரின் நிலைமை எப்போதுதான் புரியுமோ!

ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு விசாரிப்பார். அதற்கே நாலு முதல் ஆறு மாதம் ஆகும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. மறுபடியும் சொல்கிறேன்: உருக்காதீர்கள். புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "தோட்டத்தில் புதையல் கிடைத்தது, பாதி விலை" என்று வருகிறவர் முதலில் காட்டும் ஒரு காசு அசல். பணம் கொடுத்த பிறகு வரும் மூட்டை முழுக்கப் பித்தளை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியக் கலசம் எல்லாம் பச்சைப் பொய். நிஜமாகவே பழைய காசாக இருந்தாலும், நூறு ஆண்டு கடந்தது தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்வதும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972 சட்டப்படி குற்றம்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதுதான் மோசடிக்காரர்களுக்கு வசதி. வங்கியில் பணம் எடுத்த சீட்டு, போன் பேச்சுப் பதிவு, கொடுத்த போலிக் காசு மூன்றையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போங்கள். வழக்குப் பதிய மறுத்தால், அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பச் சட்டம் இடம் தருகிறது. தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.