பதினேழு வயதில் வந்த போர்

வரலாற்றுப் பாடத்தில் 1942 என்பது நினைவில் வைக்க வேண்டிய ஓர் ஆண்டு. செல்லப்பன் ராமநாதனுக்கோ அது பதினேழு வயது. பிற்காலத்தில் சிங்கப்பூரின் ஆறாவது அதிபரான திரு எஸ்.ஆர். நாதனின் முழுப்பெயர் அது.

அவர் 1924ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் சிங்கப்பூரில் பிறந்தார். அப்போது இத்தீவு பிரிட்டிஷாரின் ஆட்சியில் இருந்தது. சிறுவயதில் அவருடைய குடும்பம் ஜொகூரிலுள்ள மூவாருக்குச் சென்றது. தந்தை அங்கே வழக்கறிஞரின் எழுத்தராகப் பணியாற்றினார். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. அத்தொழிலைச் சார்ந்திருந்த அவரைக் கடன் சூழ்ந்தது. நாதன் எட்டு வயதில் தந்தையை இழந்தார். உலகச் சந்தையின் சரிவு மூவாரில் ஒரு குடும்பத்தையே குலைத்துவிட்டது.

அதன்பின் பள்ளிப்படிப்பும் சீராக அமையவில்லை. பதினாறு வயதில் அவர் வீட்டைவிட்டு வெளியேறினார். போர் வந்ததும் ஜப்பானிய மொழியைத் தாமே முயன்று கற்று, ஜப்பானியரிடம் மொழிபெயர்ப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். இதை வீரச்செயல் என்று சொல்ல முடியாது, பிழைக்க வேண்டியிருந்தது.

போருக்குப்பின் வேலை பார்த்துக்கொண்டே விட்ட படிப்பைத் தொடர்ந்தார். 1954இல், முப்பதை ஒட்டிய வயதில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். பிறகு கடலோடிகளின் நல அதிகாரியானார். சிங்கப்பூர் 1959இல் தன்னாட்சி பெற்றது. 1963இல் மலேசியாவில் இணைந்தது. 1965இல் பிரிந்து தனி நாடானது. மறு ஆண்டு, புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த வெளியுறவு அமைச்சில் நாதன் சேர்ந்தார். அப்போது நாட்டைப் போலவே அந்த அமைச்சுக்கும் அனுபவம் குறைவு.

1974 ஜனவரி 31ஆம் நாள் நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையைத் தாக்கினர். பின்னர் ‘லாஜு’ என்னும் படகைக் கடத்தி, அதன் பணியாளர்களைப் பிணை பிடித்தனர். பேச்சுவார்த்தை ஒரு வாரம் நீடித்தது. முடிவில், கடத்தல்காரர்கள் பாதுகாப்பாக வெளியேறுவதற்கு உத்தரவாதமாக, சிங்கப்பூர் அதிகாரிகள் பதின்மூவர் அவர்களுடன் ஒரே விமானத்தில் குவைத்துக்குப் பறந்தனர். அக்குழுவின் தலைவர் நாதன். வயது 49. வழியில் என்ன நேரும் என்று எவருக்கும் தெரியாது. பதின்மூவரும் நலமாக நாடு திரும்பினர்.

1999இல், 75 வயதில், அவர் அதிபரானார். பன்னிரண்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். வேறெவரும் அத்தனை காலம் சிங்கப்பூர் அதிபராக இருந்ததில்லை. 2016 ஆகஸ்டு 22ஆம் நாள், தம் 92ஆம் வயதில் மறைந்தார். அவரைவிட 41 ஆண்டுகள் இளையதான சிங்கப்பூர்க் குடியரசு, அதற்கு முந்தைய ஆண்டுதான் தன் பொன்விழாவைக் கொண்டாடியிருந்தது.