மனமேயில் கேட்ட மத்தளம்

எங்கள் மீனவ ஊரான உடப்பில் பாட்டும் கயிறும் ஒன்றாகத்தான் கைக்கு வரும். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்ற வலைப்பாட்டை எடுத்துக் கொடுப்பார். கயிற்றில் நிற்பவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே பின்னோக்கி நடப்பார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கப் பாட்டும் விரையும். அப்பாவின் முதுகைப் பார்த்தபடி அந்தக் கயிற்றோடு நடந்த வயதில் தாளம் என்ற சொல்லே எனக்குத் தெரியாது.

அந்தக் காதோடுதான் பல வருடங்களுக்குப் பிறகு ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் பார்க்கப் போனேன். என்னோடு படிப்பித்த சிங்கள ஆசிரியர் ஒருவர் விடாப்பிடியாக அழைத்துப் போனார். மத்தளம் விழுந்தது. பொத்தே குரு எனப்படும் கதைசொல்லி ஓரமாக நின்று பாடத் தொடங்கினார். எனக்குச் சிங்களம் பாதிதான் விளங்கியது, ஆனால் பாட்டில் விளங்காதது எதுவும் இருக்கவில்லை.

“இப்போது பாடியது இன்னிசே, அடுத்து வருவது சிந்து” என்று நண்பர் காதருகில் சொன்னார்.

“சேர், அது இரண்டும் எங்கட சொல்” என்றேன். அவர் நாடகத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

‘மனமே’ 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் முதலில் மேடையேறியது. எழுதி நெறிப்படுத்தியவர் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர. நடித்தவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள். அதற்கு முந்திய வருடம் ஜப்பானில் நோ, கபுகி நாடகங்களை அவர் பார்த்து வந்திருந்தார். ஆனால் பாட்டுக்காக அவர் போனது தென்கரைக்கு. பழைய நாடகம மெட்டுகளை அறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை அழைத்துவந்து மாணவர்களுக்குப் பழக்கினார்.

நாடகம என்ற அந்தச் சிங்கள வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து வந்தது என்பதைத் தம் ஆராய்ச்சியில் எழுதியவரும் சரச்சந்திரதான். கத்தோலிக்க ஊர்களில் புனிதர் கதையும் மூவிராசாக்கள் கதையும் தமிழில் ஆடப்பட்டன. மேற்குக் கரையோரமாக அது சிங்களத்துக்குள் இறங்கியது. விருத்தம் விரிது ஆயிற்று, அண்ணாவியார் அன்னாவி ஆனார். எங்களுக்குத் தெற்கே சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் தமிழ் பேசிய எத்தனையோ மீனவக் குடும்பங்கள் இன்று சிங்களம் பேசுகின்றன. அவர்களுக்கு முன்பே பாட்டு மொழி மாறிவிட்டது.

இந்த வகை நாடகத்தை எப்படிக் கேட்பது என்று இளையவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நடிகன் உள்ளே வரும் வரவைக் கவனியுங்கள் என்பேன். கதைசொல்லி முதலில் அவனை அறிவிப்பார். பிறகு அவன் பாடிக்கொண்டே, மத்தளத்துக்கு அடிவைத்து வருவான். அரசன் என்றால் அடி நிதானமாக விழும், வேடர் தலைவன் என்றால் நிலம் அதிரும். அவன் யார் என்பது கால் சொல்லித்தான் தெரியவேண்டும். நல்ல குரல் இருந்தும் கால் பிந்துகிற நடிகனை என்னால் ஏற்கமுடியாது. காலும் குரலும் ஒரே மூச்சில் வருவதுதான் இங்கே நடிப்பு.

முதல் மேடையேற்றத்தில் இளவரசனாக பென் சிறிமான்ன, வேடர் அரசனாக எட்மண்ட் விஜேசிங்க, பொத்தே குருவாக ஷியாமன் ஜயசிங்க. இளவரசி பாத்திரத்தை டிரிலிசியா குணவர்தனவும் ஹேமமாலி குணசேகரவும் மாறி மாறி ஏற்றார்கள். நான் பார்த்தது பிந்திய குழுவொன்றின் மேடையேற்றம். பாத்திரங்களின் பாரம் மட்டும் மாறவில்லை.

மிகவும் கனமானது இளவரசிக்குத்தான். நாடகத்துக்கு மூலமான சூள தனுக்கஹ ஜாதகக் கதையில் அவள் வாளைக் கள்வன் கையில் கொடுத்துவிடும் துரோகி. சரச்சந்திர அவளை அப்படி எளிதாகத் தண்டிக்கவில்லை. காட்டு வழியில் கணவனோடு அவள் பாடும் பாட்டு இனிமையாக, அவசரமில்லாமல் போகும். பிறகு வேடர் அரசனோடு சண்டை. மத்தளம் வேகம் எடுக்கிறது. கணவன் வாளைக் கேட்கிறான். அவள் கை தயங்குகிறது. முன்பு காட்டில் கேட்ட இனிமை நம் காதில் மிச்சம் இருந்தால்தான் அந்தத் தயக்கம் நெஞ்சில் அடைக்கும். அன்றைக்கு எனக்கு அடைத்தது. பாடலைக் கதைக்கு நடுவே வரும் ஓய்வு என்று நினைத்து, அந்த நேரத்தில் வெளியே போய்வருகிறவர்கள் எதை இழக்கிறார்கள் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அப்படி வந்தவை. விடியவிடிய ஆடியதைச் சுருக்கினாலும் ஆட்டத்தையும் மத்தளத்தையும் அவர் விடவில்லை. இராவணனாக ஆடிய சி. மௌனகுருவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அவருடைய ஆட்டத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

அடுத்த தை மாதம் நண்பர் உடப்புக்கு வந்தார். அம்பா கேட்கவேண்டும் என்றார். எங்கள் தெருவிலே நன்றாகப் பாடும் பெரியவர் ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்து, “மாமா, ஒரு அம்பா பாடுங்கோ” என்று கேட்டேன். இரண்டு சொல் பாடினார், நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார், அதுவும் நின்றது. கையை விரித்துக் காட்டினார். பிறகு எழுந்து எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கே வலை வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கு நடுவே புகுந்து கயிற்றைப் பிடித்தார். குரல் வந்தது. நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் போய் நின்று கயிற்றில் கை வைத்தார்.